பழைய தாலுகா கச்சேரியைப் 'புதுப்பிக்கும்' எஸ்டிமேட்: படித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்

குடமுருட்டி:
டெல்டாவில் ஒரு தாலுகா தலைநகர். டெண்டர் இன்னும் திறக்கவில்லை, அதனால் ஊர் பெயரை எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்துக் கச்சேரி. ஒரே வளாகத்தில் தாசில்தார் அலுவலகம், சார்நிலைக் கருவூலம், பின்னால் பூட்டிக் கிடக்கும் கிளைச்சிறை. பழைய தஞ்சை ஜில்லாவில் இந்த மாதிரிக் கட்டடத்தைப் பல ஊரில் பார்த்திருப்பீர்கள். உயரமான மேடை, வளைவு வளைவாக வராந்தா, தேக்கு உத்திரம், மேலே மெட்ராஸ் டெரஸ் என்கிற செங்கல், சுண்ணாம்புத் தளம்.

இதைப் புதுப்பிக்கக் கோடிக்கணக்கில் எஸ்டிமேட் போட்டிருக்கிறார்கள். மொத்தத் தொகையை வேண்டுமென்றேதான் இங்கே போடவில்லை. போட்டால் எந்த ஆட்சியில் யார் எவ்வளவு அடித்தார்கள் என்று இழை அந்தப் பக்கம் போய்விடும். அயிட்டங்களைப் பாருங்கள், போதும். தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய நகல் என்னிடம் இருக்கிறது.

உள்ளும் புறமும் சுண்ணாம்புப் பூச்சை முழுதாகக் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூச்சு. கடப்பைக்கல் தரையைப் பெயர்த்துவிட்டு விட்ரிஃபைட் டைல்ஸ். தேக்கு உத்திரம் தெரியாமல் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங். வராந்தா வளைவுகளுக்குக் கண்ணாடி அடைப்பு. படிக்கட்டுக்குக் கறுப்பு கிரானைட். வாசலில் அலுமினியத் தகடு போர்த்திய அலங்கார வளைவு, நிறம் மாறும் விளக்கு, ஒரு நீரூற்று. அப்புறம் ஊர் பெயரில் ஒளிரும் எழுத்து, அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளலாமாம். தாலுகா ஆபீஸ் வாசலில்!

சரி, இல்லாதது என்ன? மேல்தளத்தில் கைப்பிடிச் சுவரோரம் அரசங்கன்று வேர்விட்டு, மழைநீர் போகும் வாயை அடைத்துவிட்டது. ஒழுகுவது அந்த ஒரு மூலையில்தான். அதைப் பற்றி எஸ்டிமேட்டில் ஒரு வரி கிடையாது. வளாகத்து வடிகால் பற்றியும் கிடையாது. சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் முன்படிகளில் பாதி மண்ணுக்குள் போய்விட்டது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் வளாகத்துக்குள் வந்து சுவர் அடியில் நிற்கிறது. அதற்கும் ஒன்றுமில்லை.

நான் பழுது பார்ப்பதை எதிர்க்கவில்லை. இந்த எஸ்டிமேட்டை எதிர்க்கிறேன். கருத்து சொல்லுங்கள்.

வெட்டாறு:
நீரூற்றா? ஆற்றில் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரவில்லை, கச்சேரி வாசலில் பீய்ச்சி அடிக்கப் போகிறார்களா. திறப்பு விழா அன்றைக்கு ஓடும், மறுவாரம் கொசு முட்டையிடும். என் ஓட்டு உங்களுக்கு அண்ணே.

செம்பியன்:
நான் மாற்றுக் கருத்து. சின்னதாக ஒப்பந்த வேலை செய்கிறவன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம்ம ஊரில் எதையாவது புதிதாகச் செய்தாலே ஒரு மனு. பழையது என்பதற்காகவே எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா? தஞ்சாவூரில் பழைய கலெக்டர் ஆபீஸை அருங்காட்சியகம் ஆக்கினார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கிறார்கள். காசு செலவழித்ததால்தானே அது நடந்தது?

இன்னொன்று, பாதுகாப்பு. 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த பூமி இது. முக்கொம்பில் 1836ல் கட்டிய மேலணை 2018 ஆகஸ்டில் ராத்திரியோடு ராத்திரியாக ஒன்பது மதகு போய்விட்டது. பழசு நின்றுகொண்டுதான் இருக்கும், விழுகிற வரைக்கும். நாளைக்கு ஒரு பட்டாவுக்காக வந்த கிழவி தலையில் காரை விழுந்தால் மனு எழுதுகிறவர்கள் பதில் சொல்வார்களா?

கல்லணைக்கால்வாய்:
பொதுப்பணித் துறையில் கட்டடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி செம்பியன் கேட்டது நியாயமான கேள்வி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்தில் தீப்பிடித்தது கீற்றுக் கூரை. வெளியேற வழி இல்லாத நெருக்கடி. அதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது வயரிங்கும் வெளிவழியும்; சுவரில் என்ன பூசுவது என்பதல்ல. முக்கொம்பில் வயதாகிவிட்டது என்றார்கள், மணல் அள்ளியதால் என்று விவசாயிகள் சொன்னார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. வயதுதான் காரணம் என்றால் கல்லணை என்றைக்கோ போயிருக்க வேண்டும்.

இப்போது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரத்தின் மேல் நெருக்கமாகக் கட்டைகள். அதன் மேல் சன்னமான சின்னச் செங்கலைப் படுக்க வைக்காமல், குத்தாக, மூலைவாக்கில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட். சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு மரப்பலகையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளிப்பார்கள். அடி இறுக இறுக மேலே பால் மாதிரி கசியும், பலகை 'டங்' என்று எதிர்த்து ஒலிக்கும். அதுவரை நிறுத்தக் கூடாது. கடைசியில் மேலே தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதிப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய மேஸ்திரி அந்த ஒலியைக் கேட்டே "இந்தப் பக்கம் போதாது" என்பார்.

இப்படிப் போட்ட தளம் சாகிற இடம் அநேகமாக ஒன்றுதான்: உத்திரம் சுவருக்குள் நுழைகிற முனை. மேலே தண்ணீர் வடியாமல் நின்றால் ஈரம் சுவர் வழியாக இறங்கி அந்த முனையை ஊற வைக்கும், பிறகு கரையான். முனை கெட்ட உத்திரத்தை மட்டும் முட்டுக் கொடுத்து மாற்றலாம், அல்லது கெட்ட பாகத்தை அறுத்துவிட்டு ஒட்டுப் போடலாம். மொத்தத் தளத்தையும் பிரிக்க வேண்டியதில்லை. ஆனால் ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடிவிட்டால் அந்த முனையை யாரும் பார்க்கப் போவதில்லை. இப்போது காரை உதிர்ந்து எச்சரிக்கை கொடுக்கிறது. மூடியபின் ஒரேயடியாகத்தான் வரும். தம்பி சொன்ன கிழவி தலைக்கு எது ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். பதினைந்தடி உயரத்தில் அந்த மேல் ஜன்னல்கள் இருப்பதே சூடான காற்று வெளியே போகத்தான். சீலிங் அதையும் அடைத்துவிடும், அப்புறம் ஏசி வேண்டும், அப்புறம் மின்கட்டணம்.

சிமென்ட் பூச்சு அதைவிடக் கெடுதல். நம் மண் களிமண். ஜூன் 12க்கு மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓட ஆரம்பித்தால் நிலத்தடி ஈரம் மேலே வரும். ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். பழைய சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது, ஓதம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. ஈர உடம்பின் மேல் மழைக்கோட்டு மாட்டியது போலத்தான். ஈரம் இன்னும் உயரமாக ஏறும், உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து செங்கல் முகத்தையே பொடியாக்கும். வெளியில் பார்க்கப் பளபளப்பாக இருக்கும். தட்டிப் பார்த்தால் பொத்தென்று கேட்கும். ஒப்பந்தக்காரரின் பொறுப்புக் காலம் முடிந்தபின் உதிர ஆரம்பிக்கும், மறுபடி எஸ்டிமேட்.

இதெல்லாம் எஸ்டிமேட் போட்டவர்களுக்குத் தெரியாததா என்று கேட்பீர்கள். உதவிப் பொறியாளர் கையில் இருப்பது வழக்கமான அயிட்டங்களும் அவற்றின் ரேட்டும். அதில் எடுத்துப் போட்டால் எஸ்டிமேட் சாயங்காலத்துக்குள் முடியும். சுண்ணாம்பு வேலைக்கு ஒவ்வொன்றுக்கும் சரக்கையும் கூலியையும் கணக்கிட்டு ரேட் அலசல் போட்டு, மேலே விளக்கம் கொடுத்து, கொத்தனாரைத் தேட வேண்டும். நேரமும் இல்லை, கேட்பாரும் இல்லை.

குடமுருட்டி:
ஐயா, இதைத்தான் எதிர்பார்த்தேன். நன்றி. கஜா புயல் வந்த 2018 நவம்பரில் எங்கள் கச்சேரி மேல்தளம் அசையவில்லை. பக்கத்தில் புதிதாகப் போட்டிருந்த தகரக் கொட்டகை பறந்து போய்க் குளத்தில் கிடந்தது. அந்தக் கொட்டகையும் ஒரு 'மேம்பாட்டுப் பணி'தான்.

மனுநீதிநாள்:
ரொம்ப நாளாக வாசிக்க மட்டுமே செய்கிறேன். இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வருவாய்த் துறையில் இருக்கிறேன். இதே போன்ற கட்டடத்தில்தான் தினமும் உட்காருகிறேன்.

நீங்கள் எல்லோரும் தேக்கு உத்திரம், தட்டோடு என்று அழகாகப் பேசுகிறீர்கள். எங்கள் அலுவலகத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கிடையாது. பின்னால் ஒன்று இருக்கிறது, தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் வராது. கிராமக் கணக்குக் கூட்டம் இருக்கும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிற பெண்கள் உண்டு. பதிவறையில் நில விவரம் இருக்கும் 'அ' பதிவேடும் நில அளவைப் புலப்பட நகல்களும் இரும்பு அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறோம், கீழ்த்தட்டில் வைத்தால் ஓதம் பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கத்தைப் பிரித்தால் இன்னொரு பக்கத்தின் மை இதில் வந்துவிடும். அது யாரோ ஒருவருடைய நிலம். வயரிங் எந்தக் காலத்தது என்று தெரியவில்லை. கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் ஓடுகிறது. முதியோர் உதவித்தொகைக்கு வருகிறவர்களை உயரமான படிகளில் யாராவது கைத்தாங்கலாகத் தூக்கி விட வேண்டும்.

அதனால் 'புதுப்பிக்காதே' என்று ஒரு மனு போனால், அங்கே வேலை செய்கிற எங்களுக்கு அது எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள். டைல்ஸ் போட்டாலாவது துடைக்கலாமே என்றுதான் எங்கள் அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள்.

செம்பியன்:
இதைத்தான் மேடம் நானும் சொல்ல வந்தேன். என்னை விட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள்.

குடமுருட்டி:
அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தபின் எஸ்டிமேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கழிப்பறை என்று ஒரு அயிட்டம் இருக்கிறது. அதிகாரி அறையை ஒட்டி, மேற்கத்திய பாணி, கிரானைட் மேடையோடு, ஒன்றே ஒன்று. ஊழியர்களுக்கோ மனுதாரர்களுக்கோ எதுவும் இல்லை. சாய்தளம் இல்லை. பதிவறைக்கு உள்ளே டைல்ஸ் உண்டு, ஓதத்துக்கு வழி இல்லை. வயரிங் என்று இருப்பது பெரும்பாலும் அலங்கார விளக்குகளுக்கானது.

ஆக இந்தக் கோடிகள் செலவான பிறகும் நீங்கள் தண்ணீர் குடிக்காமல்தான் வர வேண்டியிருக்கும். இந்த ஒரு விஷயத்திலேயே நாம் ஒரே பக்கம் இல்லையா?

மன்னார்குடி_சிங்கப்பூர்:
நண்பர்களே, தாலுகா ஆபீஸைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டு இதை ஹெரிட்டேஜ் ஹோட்டலாகவோ மியூசியமாகவோ ஆக்கலாமே? தரங்கம்பாடியில் டேனிஷ் கவர்னர் மாளிகையைத் தொல்லியல் துறையும் டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் சேர்ந்து எவ்வளவு அழகாக மீட்டார்கள். அந்த மாடல்தான் சரி.

வெட்டாறு:
//ஹெரிட்டேஜ் ஹோட்டலாகவோ//
தம்பி, பட்டா மாற்ற வருகிறவன் அங்கே ரூம் போட்டுத் தங்குவானா?

கல்லணைக்கால்வாய்:
சிரிப்பு இருக்கட்டும், அவர் சொன்னதில் பாதி சரி. தரங்கம்பாடி வேலை நல்ல வேலை. ஆனால் அது 1620ல் டேனிஷ்காரன் கோட்டை கட்டி, 1845ல் வெள்ளைக்காரனிடம் விற்றுவிட்டுப் போன ஊர். கடல், கோட்டை, பழைய தேவாலயம் என்று பார்க்க ஆள் வருகிற இடம். எல்லா தாலுகா ஊரிலும் மியூசியம் வைத்தால் உள்ளே வைக்கப் பொருளும் இல்லை, பார்க்க வரும் கூட்டமும் இல்லை. ஒரு வருடத்தில் பூட்டு. பூட்டிய கட்டடம் சீக்கிரம் கெடும். பின்னால் கிடக்கும் கிளைச்சிறையைப் பார்த்தாலே தெரியும்.

கும்பகோணம் அரசுக் கல்லூரியைப் பாருங்கள். உ.வே.சா. 1880 முதல் 1903 வரை பாடம் நடத்திய கல்லூரி. அதே காவிரிக் கரையில் இன்றைக்கும் கல்லூரியாகவே நடக்கிறது. ஆள் புழங்குகிற இடத்தில்தான் ஒழுகினால் உடனே ஒருவர் சத்தம் போடுவார்.

சென்னை சேப்பாக்கத்தை மறந்துவிடாதீர்கள். கலச மகால் என்ற பழைய அரண்மனை 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்து, தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரையே விட்டார். அதற்குப் பிறகு அதை இடித்துவிடலாம் என்ற பேச்சே வந்தது. கடைசியில் மீட்டது யார்? நம் பொதுப்பணித் துறைதான். சுண்ணாம்பிலேயே செய்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் அங்கே நடக்கிறது. பக்கத்தில் ஹுமாயூன் மகாலையும் அதே துறைதான் எடுத்துச் செய்தது. பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று துறைக்குள் தனிப் பிரிவே இருக்கிறது. ஆக 'எங்களுக்குத் தெரியாது' என்று அவர்கள் சொல்ல முடியாது. அந்தப் பிரிவிடம் இந்தக் கோப்பு போனதா என்று கேளுங்கள்.

கீழவீதி:
எல்லாம் சரி. ஒரே ஒரு நடைமுறைக் கேள்வி. இப்போது நிதி ஒதுக்கியாகிவிட்டது. நீங்கள் மனு, வழக்கு என்று இழுத்தால் மார்ச் 31 தாண்டி நிதி திரும்பிப் போய்விடும். அப்புறம் கழிப்பறையும் வராது, நீரூற்றும் வராது. பத்து வருஷம் யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கிடைக்கிறதை வாங்கிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அப்படித்தான் ஒரு கட்டடம் கைவிட்டுப் போனது.

குடமுருட்டி:
இந்த இழையிலேயே எனக்குப் பதில் சொல்லச் சிரமமான கேள்வி இதுதான். மார்ச் மாதப் பயம் உண்மை. அந்தப் பயத்தை வைத்துத்தான் இப்படிப்பட்ட எஸ்டிமேட்டுகள் எல்லாம் கேள்வியில்லாமல் தாண்டிப் போகின்றன என்பதும் உண்மை.

ஆனால் ஒன்று. நிதி வராமல் போனால் கட்டடம் இப்படியே இருக்கும், ஒழுகும், திட்டிக்கொண்டே ஆட்களை வைத்து அரசங்கன்றை வெட்டலாம். சுண்ணாம்பை எல்லாம் கொத்தி எடுத்து சிமென்ட் பூசிவிட்டால் அதைத் திருப்பிச் செய்ய முடியாது. கோயில்களில் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்கிறேன் என்று கல்வெட்டு எழுத்தைத் தேய்த்தார்களே, பின்னாடி தடை போட்டு என்ன, தேய்ந்த எழுத்து வந்ததா? காத்திருக்கிற நஷ்டமும் அவசரப்படுகிற நஷ்டமும் சமம் இல்லை. அதனால் நான் நிதியை நிறுத்து என்று கேட்கப் போவதில்லை. அதே நிதி, வேலைப் பட்டியலை மட்டும் மாற்று.

பத்திரம்_பதிவு:
திருத்திய எஸ்டிமேட் கேட்பது புதிதல்ல, துறைக்குள் தினமும் நடக்கிற விஷயம். டெண்டர் திறந்தபின் கேட்டால் கஷ்டம், வேலை உத்தரவு கொடுத்தபின் அதைவிடக் கஷ்டம். ஆகவே இப்போதே.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, அதன் விதிகள் 2000. இரண்டு கோடி வரை உள்ள டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம், அதற்கு மேல் 30 நாள். அந்த நாட்கள்தான் உங்கள் கையில் இருப்பவை. குறைத்திருந்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அதையும் கேட்கலாம். தகவல் மனுவுக்குப் பத்து ரூபாய், பதிலுக்கு 30 நாள். இதற்கு அது தாமதம்தான், இருந்தாலும் போட்டு வையுங்கள். பிற்பாடு வழக்குக்குப் பேப்பர் வேண்டும்.

பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012லேயே நிறைவேற்றி, பத்து வருஷத்துக்கு மேல் தூங்க வைத்திருந்தார்கள். ஆணையத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், செலவு ஒரு தபால் தலைதான். முக்கியமாகத் திங்கள்கிழமை கலெக்டர் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். எண் இல்லாத மனு மனுவே இல்லை.

சாலை மட்டத்துக்கும் கேளுங்கள். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021லேயே தலைமைச் செயலரிடமிருந்து உத்தரவு போனது. உங்கள் ஊரில் எந்தத் துறைச் சாலை என்று பார்த்து அவர்களையும் சேர்த்துவிடுங்கள்.

மனுநீதிநாள்:
குடமுருட்டி தம்பி, சரி. ஆனால் மனுவில் 'பாரம்பரியம்' என்று ஆரம்பிக்காதீர்கள். மனுவைப் பிரிக்கிற இடத்தில் அந்த வார்த்தையைப் பார்த்தவுடன் தொல்லியல் துறைக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கிருந்து 'எங்கள் பாதுகாக்கப்பட்ட சின்னம் அல்ல' என்று பதில் வரும், கோப்பு முடிந்தது. முதல் வரியில் கழிப்பறை, சாய்தளம், பதிவறை, வயரிங். 'பொதுமக்கள் மற்றும் பணியாளர் பாதுகாப்பு' என்று தலைப்பு வையுங்கள். அப்போதுதான் அது தாலுகாவுக்கே திரும்பி வரும். சுண்ணாம்பு இரண்டாம் பக்கத்தில் இருக்கட்டும்.

கல்லணைக்கால்வாய்:
அம்மா சொல்வதுதான் ஆபீஸ் நடைமுறை. நான் இரண்டாம் பக்கத்தை எழுதித் தருகிறேன். வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் மேல்தளத் தண்ணீர் வெளியே போகிற வழி, அடுத்து வளாக வடிகால், முனை கெட்ட உத்திரங்கள். கழிப்பறையைப் பழைய சுவரைத் தொடாமல் பின்பக்கம் தனிக்கட்டாகக் கட்டலாம், பழைய கட்டடத்துக்குள் குழாயைக் கொண்டுபோனால் மறுபடி ஈரம். சாய்தளம் வடக்கு வராந்தாவில் எடுக்கலாம், அங்கே ஒரு வளைவு ஏற்கனவே வாசல் அகலத்துக்கு இருக்கும், இந்த மாதிரிக் கச்சேரிகளில் பெரும்பாலும் அப்படித்தான். பூச்சு கெட்ட இடத்தில் மட்டும் சுண்ணாம்பு. மற்ற இடத்தைத் தொடவே வேண்டாம்.

தம்பி செம்பியன், இதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது.

செம்பியன்:
ஐயா, வேலை இருக்கிறது என்பது சரி, ஆள் எங்கே? எங்கள் பக்கத்தில் சுண்ணாம்புக் கை தெரிந்த கொத்தனார் எல்லாம் கோயில் திருப்பணிக்குப் போய்விட்டார்கள். சுண்ணாம்புக் காளவாயும் மூடியாச்சு. கிளிஞ்சல் சுண்ணாம்பு லாரியில் வர வேண்டும், ஊற வைக்கவே நாள் ஆகும். பில் பாஸ் ஆகிற வரை முதலைப் போட்டு யார் காத்திருப்பது? ரேட்டைச் சரியாகப் போட்டால் நான் எடுக்கிறேன். குறைத்துப் போட்டால் எடுக்கிறவன் சுண்ணாம்பில் சிமென்ட்டைக் கலந்துவிட்டுப் போவான். நடப்பதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கல்லணைக்கால்வாய்:
கோபம் எதற்கு, நீங்கள் சொன்ன கலப்படத்தை நானே பிடித்திருக்கிறேன். கோயில் திருப்பணி முடிகிற ஊர் எது என்று பார்த்து அந்தக் குழுவையே பிடியுங்கள். ரேட் அலசலை நான் போட்டுத் தருகிறேன், ஊற வைக்கும் நாளும் கூலியும் சேர்த்து. நீரூற்றையும் அலங்கார வளைவையும் எடுத்துவிட்டாலே அதற்கான தொகை வந்துவிடும்.

குடமுருட்டி:
மனு வரைவு இன்று இரவு போடுகிறேன். முதல் பக்கம் அக்கா சொன்ன வரிசை, இரண்டாம் பக்கம் ஐயா தருவது. செம்பியன் அண்ணே, ரேட் பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே ஒரு பத்தியாகச் சேர்க்கலாமா? ஒப்பந்தக்காரரே சொல்கிறார் என்றால் கொஞ்சம் கவனிப்பார்கள்.

செம்பியன்:
சேருங்கள். என் பெயர் வேண்டாம்.

வெட்டாறு:
திங்கள் காலை ஒன்பதரைக்கு கலெக்டர் ஆபீஸ் டோக்கன் வரிசையில் நான் நிற்கிறேன். வருகிறவர்கள் ஆதார் நகல் கொண்டு வாருங்கள்.